கூட யாரும் இல்லாமல், அதே பாதையில்

இந்தப் பாதையைத் துண்டு துண்டாகப் பல வருடங்களாக நடந்திருக்கிறேன். எப்போதும் யாராவது கூட இருந்தார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே மூச்சில், அதுவும் தனியாக, என்று முடிவு செய்து சொன்னபோது கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, "தனியாவா? எதுக்கு இந்த வேண்டாத வேலை?" இன்னொரு கட்சி, "தெரிஞ்ச பாதைதானே, அப்புறம் என்ன?" முதல் கட்சிக்குப் பதில் சொல்வது சுலபம். ஆசையாக இருக்கிறது, போகிறேன், அவ்வளவுதான். இரண்டாவது கட்சி சொன்னதுதான் என்னைக் குடைந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, எவ்வளவு தெரியும் என்று பார்த்துவிடலாம் என்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, வரைபடத்தைப் பார்க்காமல், பாதையை ஞாபகத்திலிருந்து வரைய ஆரம்பித்தேன். வந்ததெல்லாம் இதுதான்: ஒருத்தன் சறுக்கி விழுந்து எல்லோரும் சிரித்த பாறை, மழைக்கு ஒதுங்கி நெருக்கியடித்து நின்ற இடம், எந்த விஷயத்துக்காக என்று இப்போது நினைவில்லாத ஒரு பெரிய சண்டை நடந்த ஏற்றம். பாதை இரண்டாகப் பிரியும் இடங்கள்? தண்ணீர் கிடைக்கும் இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? மூன்றாவது ஓடையைத் தாண்டியதும் இடதா வலதா? ஒன்றும் வரவில்லை. வராததற்குக் காரணம் இருக்கிறது. வரைபடம் எப்போதும் முன்னால் போகிறவர் கையில் இருந்தது. தண்ணீர்க் கணக்கைப் பார்க்க ஒருத்தர் இருந்தார். "மணி என்னாச்சு தெரியுமா, கிளம்புங்க" என்று விரட்ட ஒருத்தர் இருந்தார். நான் பேசிக்கொண்டே நடந்தேன். கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறவனுக்கு, வீட்டில் உப்பு தீராமல் இத்தனை நாள் பார்த்துக்கொண்டது யார் என்பது அப்போதுதான் உறைக்கும். அந்த மாதிரிதான்.

இதனால் தெரிந்த பாதையில் தனியாகப் போகாதே என்று சொல்ல வரவில்லை. முதல் தனி நெடுநடைக்குத் தெரிந்த பாதைதான் சரி என்பதே என் கட்சி. தனிமை புதிது, தூரம் புதிது, எல்லா வேலையும் ஒரே தலையில் விழுவது புதிது. இதற்கு மேல் பாதையும் புதிதாக இருக்க வேண்டுமா? ஆனால் கூட்டமாகப் போய்த் தெரிந்துகொண்ட பாதை பாதிதான் தெரிந்த பாதை. மீதிப் பாதி மற்றவர்கள் தலையில் இருக்கிறது, அவர்களோ இந்தத் தடவை வரவில்லை.

தெரிந்த இடம் என்கிற நினைப்பு என்னென்ன செய்யும் என்பதற்குக் கணக்கோடு ஆதாரம் இருக்கிறது. இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை பொழுதுபோக்காகப் பனிமலைக்குப் போனவர்கள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை அலசி 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். மனம் எடுக்கும் குறுக்குவழிகள் ஆளை எப்படி மாட்டிவிடுகின்றன என்பதுதான் அதன் விஷயம். அவர் சொன்ன ஆறு கண்ணிகளில் ஒன்று பழக்கம். நல்ல பயிற்சி பெற்ற குழுக்கள்கூட, பழகிய சரிவு என்று வந்துவிட்டால், பயிற்சியே இல்லாதவர்கள் எடுக்கும் அளவுக்கு ஆபத்தை எடுத்திருக்கிறார்கள். படித்த படிப்பெல்லாம் புது இடத்தில்தான் வேலை செய்கிறது போல. என் பாதையில் பனிச்சரிவு கிடையாது என்பது வேறு விஷயம். "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்கிற நினைப்புக்குப் பனி வேண்டியதில்லை.

பாதை நமக்காக அப்படியே காத்திருப்பதும் இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில், ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை 14 மாநிலங்களைக் கடந்து போகும் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நடைபாதை. பென்டன் மெக்கே 1921இல் யோசனை சொல்லி, 1937இல் முழுவதுமாக இணைந்தது. அதை ஒரே நடையாக முதலில் முடித்ததாகப் பதிவானவர் ஏர்ல் ஷாஃபர், 1948இல், தனி ஆளாக. அந்த நடையைச் சேர்ந்து போகலாம் என்று அவரும் ஒரு நண்பரும் போருக்கு முன்பே பேசிவைத்திருந்தார்கள். நண்பர் இரண்டாம் உலகப்போரில் இறந்துபோனார். ஷாஃபர் 1965இல் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்தார். அப்புறம் 1998இல், 79 வயதில், மறுபடியும். அந்த மூன்றாவது நடை முழுக்க மனுஷன் புலம்பித் தள்ளியிருக்கிறார், பாதையை வேண்டுமென்றே கடினமாக்கிவிட்டார்கள் என்று. வயது ஒரு காரணம்தான். ஆனால் 1968இல் தேசிய நடைபாதைகளுக்கான சட்டம் வந்த பிறகு பாதையின் பல பகுதிகளைச் சாலை ஓரங்களிலிருந்தும் தனியார் நிலங்களிலிருந்தும் நகர்த்தி மலைமுகடுகளில் ஏற்றிவிட்டது உண்மை. அவர் பழைய பாதையை மனதில் வைத்துக்கொண்டு வேறொரு பாதையில் நடந்துகொண்டிருந்தார்.

அதனால் வரைபடத்தை இந்தத் தடவை புதிதாக இறக்கினேன். போனில் ஒன்று, தாளில் ஒன்று. தாளில் உள்ளதை நீர் புகாத உறைக்குள் போட்டு, அன்றன்றைக்கு வேண்டிய பக்கம் மேலே தெரிகிற மாதிரி மடித்து வைத்துக்கொண்டேன். பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரு பகுதி இடம் மாறியிருந்தது தெரிந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூட்டை கட்டுவதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்த வேலை. இரண்டு பேராகப் போனால் டென்ட் துணி ஒருத்தரிடம், கம்பியும் ஆணியும் ஒருத்தரிடம்; அடுப்பு இங்கே, கேஸ் அங்கே; தண்ணீர் வடிகட்டி ஒன்று போதும், மருந்துப் பெட்டி ஒன்று போதும். தனியாகப் போகும்போது ஆள் பாதியாகிறான், பொதுச் சாமான் பாதியாவதில்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பெட்டி எடை போடும் தொங்கு தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றாதே என்று பொதுவாகச் சொல்வார்கள்; எனக்கு அதுவே அதிகம். தண்ணீரும் சாப்பாடும்தான் ஏமாற்றுகிற ஆசாமிகள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதை யாராலும் பேரம் பேசிக் குறைக்க முடியாது. உலர்ந்த உணவாகவே கொண்டுபோனாலும் ஒரு நாளைக்கு 600 முதல் 800 கிராம் ஆகிவிடுகிறது. கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தில் 4 கலோரிதான் என்பதால் கொழுப்பு கூடுதலாக உள்ளவற்றை எடுத்துக்கொண்டால் எடை கொஞ்சம் இறங்கும். நாக்கு அதற்கு எத்தனை நாள் சம்மதிக்கும் என்பது தனிப் பிரச்சினை.

எடை விஷயத்தில் எம்மா கேட்வுட்டை நினைக்காமல் இருக்க முடியாது. 1955இல், 67 வயதில், அப்பலாச்சியன் டிரெயிலைத் தனியாக நடந்து முடித்தார். பதினோரு பிள்ளை பெற்றவர். தோளில் தானே தைத்த ஒரு துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரை. டென்ட் கிடையாது, ஸ்லீப்பிங் பேக் கிடையாது. இந்தக் கதையைச் சொல்லி, "பாத்தியா, ஒண்ணுமே வேண்டாம்" என்று முடிப்பவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். முந்தைய வருடம், 1954இல், அவர் மேய்ன் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வனக்காவலர்கள் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அடுத்த வருடம் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு 1957இல் மறுபடியும் முழுப் பாதை, 1964இல் பகுதி பகுதியாக இன்னொரு முறை. எனக்கு அவரிடம் பிடித்தது குளியலறைத் திரை இல்லை, திரும்பிப் போனதுதான்.

நான் என் டென்டை விடவில்லை. விட்டதெல்லாம் இரண்டாவது செட் உடுப்பு, நாற்காலி, புத்தகம். கூட ஆள் இருந்தால் அவர் செய்யக்கூடிய வேலைக்குப் பதிலாக எதையெல்லாம் எடுத்துப்போக வேண்டும் என்று யோசித்துச் சேர்த்தவை சில: சின்னதாக இரண்டாவது டார்ச், முதுகு பக்கத்து வாரைப் பிரிக்காமல் முன்னாலேயே கைக்கு எட்டும் இடத்தில் மருந்துப் பொட்டலம், மார்பு வாரில் விசில். பல பேக்பேக்குகளில் மார்பு வாரின் கொக்கியிலேயே ஒரு விசில் இருக்கும். வருடக்கணக்கில் தோளில் மாட்டிக்கொண்டே அது விசில் என்று தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊதிப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் கொடுப்பார். வட அமெரிக்காவில் மூன்று ஊதலே ஆபத்துக்கான குறி. எது வழக்கமோ, எண்ணி, இடைவெளி விட்டு ஊத வேண்டும் என்பதுதான் விஷயம். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும்.

கிளம்புவதற்கு முன்னால் தங்கையிடம் ஒரு தாள் கொடுத்தேன். எங்கே ஏறுகிறேன், எங்கெங்கே தங்குவதாக உத்தேசம், எங்கே பாதையை விட்டு இறங்கி ரோட்டுக்கு வர முடியும், டென்டின் நிறம், பையின் நிறம், ஷூ அளவு. ஷூவின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அதையும் அனுப்பினேன், தேடுகிறவர்களுக்குக் காலடித் தடம் உதவும் என்பதால். அவள் படித்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணா, இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யணும்? சாயங்காலம் மெசேஜ் வரலைன்னா உடனே ஃபோன் பண்ணிடவா?"

அந்தக் கேள்விதான் அந்தத் தாளிலேயே இல்லாதது. எத்தனையோ பேர் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்வதில்லை. உட்கார்ந்து எழுதினோம். ஒரு மாலை தகவல் வரவில்லை என்றால் சிக்னல் இல்லை என்று அர்த்தம், ஒன்றும் செய்யாதே. அடுத்த நாள் மதியத்துக்குள்ளும் வரவில்லை என்றால் இந்த எண்ணைக் கூப்பிடு, இந்தத் தாளைப் படித்துக் காட்டு. நேரத்தை எழுதி அடிக்கோடும் போட்டேன். "அதுக்கு முன்னாடியே பயந்தா?" என்றாள். பயப்படு, ஆனால் கூப்பிடாதே என்றேன். முறைத்தாள்.

செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறேன். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சத்தம் போடுகிற இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேசத் தேடல்-மீட்பு ஏற்பாட்டை 1979இல் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரான்ஸ், கனடா நாலும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்தன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம்! காணாமல் போனவனைத் தேடுவதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள். ஆனால் கருவி இருக்கிறது என்பதற்காக ஒரு காரியத்தில் இறங்கக் கூடாது, கருவி இல்லாவிட்டாலும் இதைச் செய்வேனா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதோடு அதைப் பையின் அடியில் போடக் கூடாது. பை ஓடையில் போனால் அதுவும் போகும். என்னுடையது இடுப்பு வாரில்.

நேரக் கணக்கில் ஞாபகம் சுத்தமாக உதவாது. "அங்கேயிருந்து அந்தக் கணவாய்க்கு அரை நாள்" என்பது என் மனதில் பதிந்திருந்தது. அந்த அரை நாளில் எத்தனை தடவை உட்கார்ந்தோம், யாருக்காகக் காத்திருந்தோம், போட்டோவுக்கு எவ்வளவு நேரம் போனது என்பதெல்லாம் பதியவில்லை. அதனால் பழைய கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு வில்லியம் நெய்ஸ்மித்திடம் போனேன். இந்த ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன சூத்திரம் இன்றைக்கும் ஓடுகிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். கிலோமீட்டரில் வைத்தால் உத்தேசமாக 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. 18 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் உள்ள ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் உட்காரும் நேரம் சேராது, முதுகுச் சுமை சேராது, வழுக்கும் இறக்கம் சேராது. ஏழு என்று வைத்துக்கொண்டேன். இருட்டுகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, இத்தனை மணிக்குக் கணவாயைத் தொடவில்லை என்றால் அன்றைக்குத் தாண்டுவதில்லை என்று வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதிவைத்தேன். கூட்டத்தில் இதைப் பற்றி வாக்குவாதம் நடக்கும், அந்த வாக்குவாதமே ஒரு பாதுகாப்பு. தனியாக இருக்கும்போது எதிர்க்கட்சி கிடையாது, அதனால் முந்தைய நாள் ராத்திரியே, களைப்பில்லாத நேரத்தில், எதிர்க்கட்சியின் பேச்சை எழுதி வைத்துவிட வேண்டும்.

காலையில் இறக்கிவிட்ட வண்டி திரும்பிப் போன பிறகு முதல் ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். எரிச்சலாக இருந்தது. பையின் இடது வார் உறுத்தியது, தண்ணீர்க் குழாய் கன்னத்தில் இடித்தது, நானோ பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி நடந்துகொண்டிருந்தேன். மெதுவாகப் போகிறவருக்காக நிற்க வேண்டியதில்லை, பேசுவதற்கு மூச்சை மிச்சம் வைக்க வேண்டியதில்லை, அதனால் கால் தானாகவே வேகம் பிடிக்கிறது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகமே நாள் முழுக்க நடக்கத் தகுந்த வேகம். சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. குறைத்தேன். அப்புறம் அடிக்கடி சொல்லிப் பார்ப்பதே பழக்கமாகிவிட்டது. ஒரு தடவை எதிரே வந்த இரண்டு பேர் நான் யாரிடம் பேசுகிறேன் என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள்.

பதினோரு மணி வாக்கில் வலது குதிகாலில் ஒரு சூடு. வலி இல்லை, சூடுதான், நடையை நிறுத்தாமல் தள்ளிவிடக்கூடிய அளவு. கூட்டத்தோடு போயிருந்தால் தள்ளியிருப்பேன். பத்துப் பேரை நிறுத்தி வைத்துவிட்டு ஷூவைக் கழற்றக் கூச்சமாக இருக்கும், அடுத்த ஓய்வுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய், ஓய்வு வருவதற்குள் கொப்புளம் வந்துவிடும். இப்போது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே உட்கார்ந்து கழற்றினேன். சாக்ஸை உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்தால் குதிகால் தையலில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு மணல், கடுகைவிடச் சின்னது. தோல் சிவந்திருந்தது, உரியவில்லை. கொப்புளம் என்பது மேல்தோல் தேய்வதால் மட்டும் வருவது இல்லை. எலும்பு ஒரு பக்கம் நகர, ஷூவோடு ஒட்டிய தோல் நகராமல் நிற்க, நடுவில் இருக்கும் படலம் இழுபட்டுக் கிழிந்து நீர் கோர்க்கிறது. தோல் வியர்வையில் ஊறியிருந்தால் இன்னும் பிடித்து இழுக்கும். அதனால் முதலில் காயவிட்டேன், பிறகு டேப்பை முனைகளை வட்டமாக வெட்டி ஒட்டினேன் (சதுர முனை சுருண்டு கிளம்பிவிடும்), சாக்ஸை மாற்றினேன், ஷூவின் கயிற்றை மேலே இறுக்கி விரல் பக்கம் தளர்த்தினேன், சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கும் என்பதால். மொத்தம் பதினைந்து நிமிடம். நெடுநடை பாதியில் நிற்பதற்குக் கரடியோ புயலோ காரணமாக இருப்பது அபூர்வம். இந்த மாதிரி பதினைந்து நிமிடத்தைக் கொடுக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

பாதையை விட்டு ஒதுங்குவது பற்றியும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கூச்சமான விஷயமாக இருந்தாலும். 2013இல் மேய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் டிரெயிலில், 66 வயதுப் பெண்மணி ஒருவர் இயற்கை அழைப்புக்காகப் பாதையை விட்டு உள்ளே போனார். ஏற்கனவே அந்தப் பாதையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து முடித்தவர். திரும்பி வரும்போது தடம் கிடைக்கவில்லை. சிக்னல் தேடி உயரமான இடத்துக்கு ஏறினார், அனுப்பிய செய்திகள் போய்ச் சேரவில்லை. பெரிய தேடுதல் நடந்தது. அவருடைய டென்டும் உடலும் 2015 அக்டோபரில்தான் கிடைத்தன, தடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில். குறைந்தது 26 நாள் உயிரோடு இருந்திருக்கிறார் என்பது அவருடைய குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது.

இதைப் படித்த பிறகு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒதுங்கும் இடத்தில், பாதையை ஒட்டிய கிளையில், கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு துணி ஒன்றைக் கட்டுகிறேன். பாதைக்குச் செங்குத்தாக, நேர்கோட்டில் போவேன், துணி கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை மட்டும். பை கூடவே வரும். திரும்பியதும் துணியை அவிழ்த்துக்கொள்ள வேண்டும், மறந்தால் அடுத்து ஒதுங்க முடியாது, அதனால் மறப்பதில்லை! கூட ஆள் இருக்கும்போது இதெல்லாம் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் பேச்சுச் சத்தமே துணியாக இருந்தது.

பாதை பிரியும் இடங்களில் இன்னொரு பழக்கம்: தாண்டிய பிறகு பத்து அடி போய்த் திரும்பிப் பார்ப்பது. திரும்பி வர வேண்டியிருந்தால் நம் கண்ணில் படப்போவது அந்தப் பக்கம்தான். நூறு தடவை பார்த்த பிரிவுகூட மறுபக்கத்திலிருந்து ஊர் பேர் தெரியாத இடமாக இருக்கிறது. நான் வெள்ளைத்தாளில் வரைய முடியாமல் திணறிய பிரிவுகள் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தலைக்குள் ஏறின.

மதியத்துக்கு மேல் ஓடை. இது எனக்கு நன்றாகத் தெரிந்த ஓடை, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல் நனையும், கைகோர்த்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே கடந்திருக்கிறோம். அன்று மேலே எங்கோ மழை பெய்திருக்க வேண்டும், தண்ணீர் கலங்கி, வழக்கமாகத் தெரியும் நடுக்கல் மூழ்கியிருந்தது. ஓடையைப் பார்த்ததும் மனம் முதலில் சொன்னது, "இது நம்ம ஓடைதானே." ஊன்றுகோலை விட்டுப் பார்த்தேன், கரையிலேயே முழங்கால் உயரம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் போனால் தனி ஆளாக இறங்குவதில்லை என்பது நான் எழுதிவைத்த விதிகளில் ஒன்று. இறங்கினாலும் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிட்டு, தண்ணீர் வரும் பக்கம் முகம் பார்த்து, கோலை மூன்றாவது காலாக ஊன்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்திப் போக வேண்டும். நான் இறங்கவில்லை. கரையில் ஒரு குச்சியைத் தண்ணீர் விளிம்பில் நட்டுவிட்டு உட்கார்ந்தேன். மழையால் ஏறிய சின்ன ஓடைகள் மழை நின்றால் சில மணி நேரத்தில் இறங்கிவிடும்; உருகும் பனியால் ஏறுபவை விடியற்காலையில் குறைவாக இருக்கும். குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் மண் தெரிய வெகுநேரம் ஆனது. அதற்குள் எதிர்க்கட்சி எழுதிவைத்திருந்த மணி தாண்டிவிட்டது, கணவாய் அன்றைக்கு இல்லை என்று ஆனது. இந்தக் கரையிலேயே, மேட்டில், டென்ட் போட்டேன். போடும் முன் தலைக்கு மேல் பட்டுப்போன கிளை ஏதாவது இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டேன், அதுவும் வழக்கமாக வேறொருவர் வேலை.

சாப்பாட்டுக்கு வெந்நீர் வைத்தபோது என்னையறியாமல் இரண்டு கோப்பை அளவு ஊற்றியிருந்தேன். சிரிப்பு வந்தது. 1933இல் எவரெஸ்டில் ஃபிராங்க் ஸ்மைத் என்ற மலையேறிக்கு நடந்தது இதைவிடப் பெரிது. கூட வந்த எரிக் ஷிப்டன் முடியாமல் திரும்பிவிட, அவர் தனியாக 8,500 மீட்டருக்கு மேல் போனார். வழி முழுக்க யாரோ கூடவே வருகிற உணர்வு. நின்று, பையிலிருந்த இனிப்புக் கட்டியை எடுத்து, இரண்டாக உடைத்து, பாதியை நீட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அங்கே யாரும் இல்லை. அவருக்கு ஆக்சிஜன் குறைவு என்ற காரணமாவது இருந்தது. எனக்கு வெறும் பழக்கதோஷம். கூடுதல் வெந்நீரில் கால் கழுவிக்கொண்டேன், நல்ல உபயோகம்.

ராத்திரி பயமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருந்தது, ஆனால் எதிர்பார்த்த விதத்தில் இல்லை. டென்டுக்கு வெளியே ஒரு இலையைச் சுண்டெலி மிதித்தால் உள்ளே எருமை நடக்கிற மாதிரி கேட்கும் என்பது தெரிந்ததுதான், கூட்டத்தோடு வந்தபோதும் அப்படித்தான் கேட்டது. அப்போது "என்னடா சத்தம்?" என்று கேட்க ஆள் இருந்தது, இப்போது டார்ச்சை எடுத்து நானே போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்த சத்தத்துக்கு எழவில்லை. உணவுப் பையைத் தூங்கும் இடத்திலிருந்து தள்ளி, எட்டாத உயரத்தில் கட்டியிருந்ததால், எதுவாக இருந்தாலும் என்னிடம் அதற்கு வேலை இல்லை என்று நம்பித் தூங்கினேன்.

காலையில் குச்சிக்கும் ஓடைக்கும் நல்ல இடைவெளி. கணுக்கால் தண்ணீர். கடந்து, ஏறி, வெயில் ஏறுவதற்குள் அந்த இடம் மாறிய பகுதிக்கு வந்துசேர்ந்தேன். பழைய பாதை நேராக இறங்கிப் போகிறது, இன்னும் நன்றாகத் தெரிகிறது, குறுக்கே இரண்டு மரக்கட்டைகளை மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். புதுப் பாதை இடது பக்கம் மலைமேல் வளைந்து வளைந்து ஏறுகிறது, அடையாளங்கள் புதிதாக அடித்திருந்தார்கள், பெயின்ட் வழிந்து காய்ந்திருந்தது. கீழே மண் சரிந்திருக்கலாம், பாலம் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் கட்டையைப் போட்டவன் சும்மா போட்டிருக்க மாட்டான். தங்கையிடம் கொடுத்த தாளிலும் இடது என்றுதான் எழுதியிருக்கிறேன், தேடி வந்தால் அங்கேதான் தேடுவார்கள். ஒன்றரை மணி நேரம் கூடுதல், அத்தனையும் ஏற்றம், ஒரு துளி நிழல் கிடையாது. ஷாஃபர் ஏன் அவ்வளவு புலம்பினார் என்பது நன்றாகப் புரிந்தது. நானும் இடதுபக்கமே திரும்பினேன், இதை வகுத்தவர்களை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு. மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகத் திட்ட முடிந்தது, எனவே வேகம் சரிதான்.